ஆலையிலிருந்து ஐ.டி.க்கு: வேலை மாற்றப் பயத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர், ஓசூர் பக்கத்து ஆலைகளில் ஐந்தாறு வருஷம் குவாலிட்டியில் நின்றுவிட்டு சாப்ட்வேர் டெஸ்டிங்குக்கு மாற நினைப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் பயங்கள் இவை. பி.பி.ஓ., சிவில் சைட், கல்லூரி ஆசிரியர் வேலை என்று வேறு இடங்களிலிருந்து மாறுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். "தைரியமா இரு" என்ற அறிவுரை இதில் எங்கும் வராது. அந்த அறிவுரையால் தீர்ந்த பயம் ஒன்றும் இல்லை. பயம் எந்த நேரத்தில், எந்தக் காரியத்தில் கை வைக்கும்போது வருகிறது என்று கவனியுங்கள். அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் பார்க்கக்கூடிய காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில்.

## எதற்கும் முன்னால்: உடம்பு என்ன சொல்கிறது?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மற்ற தலைப்புகளைத் தள்ளி வையுங்கள்.

- இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை.
- காரணமே இல்லாமல் நெஞ்சு அடைத்து, மூச்சு வாங்கி, வியர்த்து, சில நிமிடத்தில் தணிகிறது. மறுபடி வருகிறது.
- தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறீர்கள்.
- செத்துப்போனால் நிம்மதி என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்தது.

நான்காவது வந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. டெலி மானஸ் எண் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நெஞ்சு படபடப்புக்கு முதலில் பொது மருத்துவர். இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட்டால், உடம்புக் கோளாறை மனக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்காது. அவை சரியாக இருந்தால் மனநல மருத்துவர். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலை மாறலாம், தடையில்லை. பேப்பர் போடும் (ராஜினாமா கொடுக்கும்) தேதியை மட்டும், தூக்கம் ஒழுங்குக்கு வரும்வரை தள்ளிப் போடுங்கள்.

## அறிகுறி 1: ராஜினாமா மெயில் மாதக்கணக்கில் டிராஃப்டிலேயே கிடக்கிறது

முதல் காரணம்: கணக்கு மனசுக்குள்தான் இருக்கிறது, பேப்பரில் இல்லை.

கணக்குப் போடாத பணம் ராத்திரியில் லட்சங்களாக வளரும். கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து உட்காருங்கள். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் போல வருஷத்துக்கு ஒருமுறை வருவதை 12-ஆல் வகுத்துச் சேருங்கள். இந்த மாதிரி:

வாடகை 11,000, வண்டிக் கடன் இ.எம்.ஐ. 6,500, சீட்டு 5,000, மளிகை-பால்-கேஸ் 9,000, பள்ளிக் கட்டணம் 3,000, பெட்ரோல்-போன் 3,500, ஊருக்கு அனுப்புவது 3,000. மொத்தம் மாதம் 41,000.

புது வேலையில் கைக்கு வருவது 25,000 என்று வைத்துக்கொண்டால் மாதத் துண்டு 16,000. ஒரு வருஷத்துக்கு 1,92,000. சம்பளத் தேதி இடறினால் சமாளிக்க ஒரு மாதச் செலவு 41,000 சேர்த்தால் 2,33,000. ஆஃபர் கையில் வாங்கிக்கொண்டு மாறுகிறவருக்குத் தேவை இவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டுத் தேடுகிறவருக்கு ஆறு மாத முழுச் செலவு 2,46,000, அதன்மேல் அந்த 1,92,000, ஆக 4,38,000. இரண்டுக்கும் இடையே இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். "முதலில் விட்டுவிட்டால்தான் முழுமூச்சாகத் தேட முடியும்" என்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை யார் தருவார்கள் என்று சொல்வதில்லை. வீட்டில் இன்னொரு சம்பளம் வந்தால் அதைத் துண்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பு: இந்தத் தொகையை எழுதிய பிறகும் டிராஃப்டைத் திறந்தால் அதே படபடப்பா? இருக்கும் சேமிப்புக்கும் தேவைக்கும் உள்ள இடைவெளி தெரிந்ததும் தணிந்தால், உங்களுக்கு வேண்டியது ஒரு தேதிதான். மாதம் எவ்வளவு ஒதுக்க முடியுமோ அதை வைத்து அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். தணியவில்லை என்றால் அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

இரண்டாவது: விட்டுப்போகும் பணம் எவ்வளவு என்று தெரியவில்லை.

கிராஜுட்டிக்கு (பணிக்கொடை) நிரந்தர ஊழியர் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த வருஷங்களால் பெருக்குங்கள். 20,000 வாங்குகிறவருக்கு ஐந்து வருஷத்துக்கு 57,692. நான்கரை வருஷத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஆறு மாதம் பொறுப்பது கோழைத்தனம் ஆகாது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும் முழு ஐந்தையும் கேட்டு இழுக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த வழக்குக்கு நடக்கும் நேரத்தில் மிச்ச மாதங்கள் ஓடிவிடும்.

பி.எஃப்.-ஐ எடுக்காதீர்கள், புது கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால், ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டிய 10 வருஷச் சேவைக் கணக்கும் அறுபடும்.

மூன்றாவது: மருத்துவக் காப்பீடு.

குரூப் இன்சூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மாவும் அதில்தான் இருக்கிறார்கள் என்றால் இந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. தனிப் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 36 மாதம் வரை போகலாம். ஆகவே நோட்டீஸ் கொடுத்த அன்றே வாங்குங்கள், கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்னால், இப்போதைய காப்பீட்டு நிறுவனத்திலேயே குரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். மாற முடிந்தால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலத்துக்கு மதிப்புக் கிடைக்கும்.

செலவு வைப்பது: பாண்ட், அதாவது இத்தனை காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்.

சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பாண்டில் எழுதிய தொகை முழுவதும் தானாகக் கம்பெனிக்குப் போய்விடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடு வரைதான். ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள், அல்லது வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது என்றால், தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் போங்கள். அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

## அறிகுறி 2: கோர்ஸ் மேல் கோர்ஸ் போகிறது, விண்ணப்பிக்க மட்டும் கை வருவதில்லை

படித்துக்கொண்டே இருக்கும்வரை யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் இந்தப் பயம் உழைப்பு போலவே தெரியும், வீட்டிலும் பாராட்டு கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: எதற்காகப் படிக்கிறீர்கள் என்பது முடிவாகியிருக்கிறதா? ஜூனியர் டெஸ்டர் விளம்பரங்கள் 20-ஐ எடுங்கள். அவற்றில் கேட்கும் திறமைகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். பத்துக்கு மேல் விளம்பரங்களில் வருவதுதான் உங்கள் பாடத்திட்டம். இரண்டு மூன்றில் மட்டும் வருவதை வேலை கிடைத்த பிறகு படிக்கலாம். டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிப்பது என்ற படிகள்) எழுதுவது, பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை), பிழைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா, தரவுத்தளத்தில் தேட அடிப்படை எஸ்.க்யூ.எல்., ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) சோதனைக்குப் போஸ்ட்மேன் ஆகியவை அடிக்கடி தட்டுப்படும். சோதனையைத் தானாக ஓட்டும் செலீனியம் பல விளம்பரங்களில் இருக்கும். அந்த ஐந்தும் கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

அடுத்து, காட்ட என்ன இருக்கிறது? சான்றிதழ் படித்ததைச் சொல்லும், செய்ததைச் சொல்லாது. பயிற்சிக்கென்றே திறந்து விட்டிருக்கும் சாஸ் டெமோ தளத்துக்குப் போங்கள். உள்ளே நுழையும் பக்கத்திலேயே பயனர் பெயர்கள் கொடுத்திருப்பார்கள். 'பிராப்ளம் யூசர்' என்ற பெயரில் நுழைந்தால் வேண்டுமென்றே வைத்த பிழைகள் வரிசையாக வரும். 30 டெஸ்ட் கேஸும் ஐந்து பக் ரிப்போர்ட்டும் எழுதுங்கள். ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் தலைப்பு, எந்தப் பிரவுசர், செய்த படிகள், வர வேண்டியது, வந்தது, தீவிரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்க வேண்டும். ஆலையில் ரிஜெக்‌ஷன் டேக் எழுதிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. நிஜத் தளங்களில், முக்கியமாக பேங்க், ரயில் டிக்கெட் தளங்களில், பாதுகாப்பு ஓட்டை தேடிப் "பயிற்சி" செய்யாதீர்கள். அது சட்டச் சிக்கல்.

ஒரு தேர்வு எழுதலாம்: சாப்ட்வேர் டெஸ்டிங்குக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. சான்றிதழின் அடிப்படை நிலை. 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு 25 சதவீதக் கூடுதல் நேரம் உண்டு. பதியும்போதே கேட்டு வாங்குங்கள். அனுபவமில்லாதவருக்கு இந்த ஒன்று போதும். இரண்டாவது சான்றிதழுக்குப் பணம் கட்டத் தோன்றினால், அந்த வாரம் பத்து விண்ணப்பம் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

செலவு வைப்பது பயிற்சி நிறுவனம். வேளச்சேரியில் ஒரு தெருவுக்கு ஒன்று என்கிற அளவுக்கு இருக்கின்றன. சேர்வதற்கு முன் மூன்று கேள்வி. பாதியில் நின்றால் பணம் திரும்புமா, எழுத்தில் உண்டா? பாடம் எடுக்கப்போகிறவரின் வகுப்பிலேயே ஒரு நாள் உட்காரலாமா? போன பேட்ச் மாணவர் பட்டியலிலிருந்து நீங்களே இருவரைப் பொறுக்கிப் பேசலாமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வாருங்கள்.

"மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் நாங்க போட்டுத் தர்றோம்" என்கிற இடத்தில் கால் வைக்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வரலாற்றைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று வருஷமும் உங்கள் பி.எஃப். ஆலையில் கட்டப்பட்டிருப்பது அதில் பளிச்சென்று தெரியும். பிடிபடாதவர்களுக்கும் பயம் தீர்வதில்லை. ஒவ்வொரு அப்ரைசலிலும் புதுப்பித்துக்கொள்ளும்.

## அறிகுறி 3: விண்ணப்பம் போகிறது, அழைப்பு வரவில்லை, "நமக்கு இது ஆகாது" என்ற எண்ணம் வருகிறது

எண்ணத்தை விடுங்கள், எங்கே அடைத்திருக்கிறது என்று பாருங்கள்.

25 விண்ணப்பத்துக்கு ஒரு போன்கூட இல்லை என்றால்

போனில் ஆரம்பியுங்கள். பல ஆலைகளில் ஷாப் ஃப்ளோருக்குள் போன் கூடாது, லாக்கரில்தான் கிடக்கும். ரெக்ரூட்டர்கள் அழைப்பதோ காலை 10 முதல் மாலை 6 வரை. மிஸ்டு கால் பட்டியலைத் திறந்து தெரியாத எண்களை எண்ணுங்கள். இதனாலேயே தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்கே திருப்பி அழையுங்கள். ரெஸ்யூமில் எண்ணுக்குப் பக்கத்தில் "மாலை 4-க்கு மேல், அல்லது வாட்ஸ்அப்" என்று போடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

போன் சரி என்றால் புரொஃபைல் தலைப்பு. 'சீனியர் குவாலிட்டி இன்ஜினியர்' என்று இருக்கும்வரை தேடலில் ஆட்டோமொபைல்காரர்களுக்குத்தான் அகப்படுவீர்கள். போக வேண்டிய வேலையின் பெயரை முதலில் எழுதி, பழைய வேலையைப் பின்னால் வையுங்கள். நோட்டீஸ் பீரியட் கட்டத்தையும் பாருங்கள். 90 நாள் என்றிருந்தால் முதல் வடிகட்டலிலேயே விழலாம். பணம் கட்டிக் குறைக்க ஒப்பந்தம் இடம் கொடுத்தால் 'பேசிக் குறைக்கலாம்' என்று சேருங்கள்.

பிறகு உள்ளடக்கம். ஆலை வார்த்தைகளைப் படிப்பவருக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் புகாருக்கு 8டி ரிப்போர்ட் எழுதியது மூலகாரண ஆய்வு. கண்ட்ரோல் பிளான் போட்டது டெஸ்ட் பிளானுக்கு நெருங்கிய சொந்தம். கோ/நோ-கோ கேஜ் வைத்துப் பார்த்தது பாஸ்/ஃபெயில் அளவுகோல் வகுத்துச் சோதித்தது. எஃப்.எம்.இ.ஏ.-வில் (எங்கே என்ன பழுது வரலாம் என்ற ஆய்வு) ரிஸ்க் மதிப்பிட்டது, எதை முதலில் சோதிப்பது என்று முடிவெடுக்கும் வேலை. ஐ.ஏ.டி.எஃப். 16949 (வாகனத் தொழிலின் தர நெறி) ஆடிட்டுக்கு நின்றவருக்கு ஆவணம் பராமரிக்கத் தெரியும். ஒவ்வொரு வரியிலும் உங்கள் நிஜ எண்ணிக்கை ஒன்று வரட்டும்: மாதத்துக்கு எத்தனை புகார், எத்தனை பாகம், எத்தனை சப்ளையர்.

போன் வருகிறது, அடுத்த சுற்று வரவில்லை என்றால்

பெரும்பாலும் சம்பளக் கேள்வியில் நிற்கிறது. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்றதும் திணறாமல் சொல்ல ஒரு வீச்சு தயாராக இருக்க வேண்டும். கீழ் எல்லை எது என்று அறிகுறி 1-இல் போட்ட கணக்கு சொல்லும்.

இரண்டும் சரி, ஆனாலும் நகரவில்லை என்றால்

ரெஃபரல், அதாவது கம்பெனிக்குள் இருப்பவரின் பரிந்துரை. கேட்கக் கூச்சமாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலானவர்கள் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்று கேட்பதுதான். அதற்கு அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இப்படிக் கேளுங்கள்:

"அண்ணா, நான் 2017 பேட்ச் மெக்கானிக்கல். இப்போ ஒரகடத்துல குவாலிட்டி இன்ஜினியரா இருக்கேன், டெஸ்டிங்குக்கு மாறப் பார்க்கிறேன். உங்க கம்பெனியில ஜூனியர் டெஸ்டர் ஓப்பனிங் ஒண்ணு பார்த்தேன், லிங்க் கீழே இருக்கு. ரெஸ்யூமும் நான் எழுதின அஞ்சு பக் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு சரின்னு பட்டா மட்டும் ரெஃபர் பண்ணுங்கண்ணா."

வேலைக்கோ, இன்டர்வியூவுக்கோ, லேப்டாப் டெபாசிட்டுக்கோ பணம் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு அதிகம்.

## அறிகுறி 4: நேர்முகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். போன இன்டர்வியூவை நினைத்துப் பார்த்து, முதலில் தடுமாறிய கேள்வியை எழுதுங்கள்.

ஆரம்பத்திலேயே, உடம்பே நடுங்குகிறது

முந்தைய ராத்திரி எந்த ஷிப்ட்? சி (இரவு) ஷிப்ட் முடித்து, மூன்று மணி நேரம் தூங்கி, வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்துவிட்டு சோழிங்கநல்லூர் போனால் எவருக்கும் கை நடுங்கும். அதைத் தன்னம்பிக்கைக் குறை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பி (மாலை) ஷிப்ட் வாரத்தில் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே போவதற்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; மூன்று நிமிடம். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் படபடப்பைக் குறைக்கும்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும்

வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. 90 விநாடிக்குள் அடங்கும்படி எழுதி, நின்றுகொண்டு, போனில் பதிவுசெய்து பத்துத் தடவை சொல்லுங்கள். மூன்றாவது பதிவைக் கேட்கும்போது உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, எல்லோருக்கும் அப்படித்தான். ஏழெட்டில் வரும் தட்டுத்தடங்கல் குறைவதைக் காதால் கேட்பீர்கள்.

"ஏன் மாறுறீங்க?" என்றதும்

இதற்குத் தயாராகாமல் போகிறவர்கள் பழைய கம்பெனியைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அல்லது "ஐ.டி.யில் ஸ்கோப் இருக்கு" என்பார்கள். இரண்டும் வேண்டாம். செய்தது, பிடித்தது, அதற்காக எடுத்த முயற்சி என்று மூன்று வாக்கியம்: "ஆறு வருஷம் பாகங்களில் குறை கண்டுபிடிக்கும் வேலை. எங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் பதிவைச் சாப்ட்வேருக்கு மாற்றியபோது அதைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பிடித்துப்போய் தேர்வு எழுதினேன், மாதிரி ரிப்போர்ட்டுகள் கொண்டு வந்திருக்கிறேன்." உங்களுக்கு நடந்ததை வைத்து எழுதுங்கள்; நடக்காததை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே விழும்.

ஆங்கிலம் என்றதும்

இலக்கணத்தை விட, சொல் கிடைக்காமல் தேடுவதுதான் நிறுத்துகிறது. டெஸ்டிங் பேச்சுக்குச் சுமார் 15 வினைச்சொற்கள் போதும்: சோதித்தேன், கண்டுபிடித்தேன், பதிவுசெய்தேன், சரிபார்த்தேன், திருப்பி அனுப்பினேன் என்ற வகை. அவற்றின் ஆங்கிலத்தை ஏழெட்டுச் சொல்லுக்கு மிகாத வாக்கியங்களில் பழகுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கும் வாக்கியம் ஒன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். தினம் 20 நிமிடம், அன்றைக்கு லைனில் நடந்த ஒரு பிரச்சினையை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் உண்டு. அதிலும் ஆள் குறைவான வகுப்பு. 40 பேர் உட்காரும் வகுப்பில் உங்கள் வாய் திறக்க நேரமே வராது.

தெரியாத தொழில்நுட்பக் கேள்வி வந்ததும்

"தெரியாது" என்று சொல்லி, எப்படித் தேடுவேன் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். குவாலிட்டியில் பழகியவருக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும்: அளக்காத பாகத்துக்கு ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, இல்லையா?

எல்லாம் பார்த்தாயிற்று, மாதிரி நேர்முகத்தில் நன்றாகப் பேசுகிறீர்கள், நிஜ அறையில் மட்டும் ஒவ்வொரு தடவையும் மனம் வெறுமையாகிறது என்றால் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். இந்த வகைப் பதற்றத்துக்குப் படிப்படியான பயிற்சி உண்டு. மாதிரி நேர்முகத்தை நண்பரிடம் வைத்தால் கணக்கில்லை. உங்களைத் தெரியாத ஒருவரிடம் வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 5: ஆஃபர் வந்துவிட்டது, சேர மனம் வரவில்லை

சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்த வருஷச் செலவு) எண்ணைப் பார்த்துப் பயப்படவோ மகிழவோ வேண்டாம், கைக்கு வருவதைப் பாருங்கள். 3,60,000 என்றால் மாதம் 30,000. அதில் கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, கிராஜுட்டி ஒதுக்கீடு 700 சொச்சம், காப்பீட்டு பிரீமியம் 500 போல, 10 சதவீத வேரியபிள் (மாதாமாதம் உறுதியில்லாத பகுதி) என்றால் 3,000, உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி மாதக் கணக்கில் 200 சொச்சம். மிச்சம் சுமார் 22,000.

கூடவே, ஆலையில் பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் இலவசமாகவோ பெயருக்குப் பிடித்தமாகவோ வந்திருக்கும். ஓ.எம்.ஆர். ஆபீசில் அது இருக்காது. போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மாதம் 4,000-த்துக்குக் குறையாமல் எழுதிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டவர்கள்தான் மூன்றாவது மாதம் "தப்பு பண்ணிட்டோமோ" என்று முழிக்கிறார்கள். தொகை உங்கள் கீழ் எல்லைக்குக் கீழே போனால் மறுப்பதில் தவறில்லை.

கணக்கு சரியாக வந்தும் கூசுகிறது, லீட் (குழுத் தலைவர்) உங்களைவிட எட்டு வயது சின்னவர் என்பதால். இது சில வாரத்தில் தேயும். அங்கே அவரும் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். 'சார்' வாயில் வந்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எழுத்து மூலம் ஆஃபர் லெட்டர் வந்து, அனுப்பியது கம்பெனியின் சொந்த மெயில் முகவரிதானா என்று பார்த்த பிறகே பேப்பர் போடுங்கள்.

## அறிகுறி 6: வீட்டில் பேச்செடுத்தாலே சண்டை

"பர்மனென்ட் வேலையை விட்டுட்டுப் போய் டிரெய்னியா உட்காரப் போறியா? பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்றது?" இந்த இரண்டில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டாவது நீங்கள் பதில் சொல்லித் தீரும் கேள்வி அல்ல.

அறிகுறி 1-இல் போட்ட தாளை அப்பா முன்னால் வையுங்கள். வாயால் விளக்காதீர்கள், தாளைப் படிக்க விடுங்கள். கீழே ஒரு நிறுத்தத் தேதி எழுதியிருக்கட்டும்: இந்த மாதத்துக்குள் ஆஃபர் வராவிட்டால் முயற்சியை ஆறு மாதம் நிறுத்தி வைப்பேன் என்று. வீட்டுக்காரர்கள் பயப்படுவது முடிவே இல்லாத செலவுக்குத்தான். மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாத கடன் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். பயத்தில் பாதி அந்தக் கடனுடையது. பேச்சு கைகலப்பு வரை போகும் வீட்டில் தாள் உதவாது. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது.

## அறிகுறி 7: சேர்ந்தாயிற்று, எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை

முதல் மாதத்தில் இது பழுதே அல்ல. ஆனாலும் பாருங்கள்: லாகின், சர்வர் அனுமதி எல்லாம் வந்துவிட்டதா? இரண்டு வாரம் அனுமதிக்காகக் காத்திருப்பதை "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. மீட்டிங்கில் காதில் விழும் புரியாத சுருக்கெழுத்துகளை ஒரு நோட்டில் எழுதி, மாலையில் ஒருவரிடம் மொத்தமாகக் கேளுங்கள். சிக்கலில் 20 நிமிடம் தனியாக முட்டுங்கள். அதற்கு மேல் போனால், முயன்றதைச் சொல்லிக் கேளுங்கள். "இது, இது பார்த்தேன், இங்கே நிற்கிறது" என்று கேட்பவரை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் லீடிடம் இரண்டே கேள்வி: இந்த வாரம் எது சரியாக இருந்தது, அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும்?

மூன்றாவது மாதத்திலும் ஒரே குறையை மறுபடி சொல்கிறார்கள் என்றால் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. புரொபேஷன் விதிகளை ஆஃபர் லெட்டரில் படியுங்கள். எதிர்பார்ப்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே கம்பெனியில் ஆலை வாடிக்கையாளர்களுக்கான புராஜெக்ட் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அங்கே உங்கள் பழைய ஆறு வருஷம் மற்றவர்களிடம் இல்லாத சரக்கு.

## அறிகுறி 8: புது இடத்திலும் பழைய கம்பெனி நினைப்பு வயிற்றைக் கலக்குகிறது

பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் பாக்கி. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வருமான வரி பிடித்தச் சான்று (படிவம் 16) ஆகிய நான்கும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். யு.ஏ.என். தளத்தில் சேவை வரலாற்றைத் திறங்கள். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடவில்லை என்றால் பி.எஃப். மாற்றம் நிற்கும், சரிபார்ப்பிலும் கேள்வி வரும். கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆனபின் 'மார்க் எக்ஸிட்' பகுதியில் நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைத்த போன் எண் உயிரோடு இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

கிராஜுட்டி கிடைக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் முதலில் எச்.ஆருக்கு மெயில், போனில் பேசாதீர்கள், பதிவு வேண்டும். பதில் இல்லையென்றால் கிராஜுட்டிக்குத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு, பி.எஃப்.-க்கு இ.பி.எஃப்.ஓ. குறைதீர் தளத்தில் புகார். இரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டாயமில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் நகல்களும் அந்த மெயிலின் பிரிண்டும் இருந்தால் நீங்களே போடலாம்.